புளியங்கொட்டையும் அவ்வொக்காத்தோவின் பத்து விரல்களும்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிற தமிழர்களில் ஒத்தடத்தார் கை பிடித்துப் பார்க்காத ஆள் ஒருவரும் இல்லை. சைவர், கத்தோலிக்கர், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர், நாளைக்கு லண்டன் போகப் பெட்டி கட்டியவர், எல்லோருடைய கையையும் ஒரு முறையாவது பிடித்திருக்கிறார். அது வணக்கம் சொல்வதற்காக அல்ல, கையின் சூட்டைப் பார்ப்பதற்காக. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி விரல் நுனியை அமுக்கி, புறங்கையைத் தடவி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"இது ஈரக்கை. விடியப் பாத்திரம் கழுவிப்போட்டுத் துடைக்காமல் வெளிக்கிட்டிருக்கிறீர்."

கோயில் வாசலில் இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர், "ஐயோ, அர்ச்சனைச் சீட்டு நனையுது, கையை விடுங்கோ அண்ணை" என்று கெஞ்சியதை நானே கண்டிருக்கிறேன். சீட்டு நனைந்ததற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஈரக்கைக்காரன் எதைத் தொட்டாலும் நனையும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று பெர்மெஸ்ஸோவில், அதாவது இங்கே இருக்க விடுகிற அந்த அட்டையில் இருந்தது. அதை அச்சடித்தவர்களே சரியாக வாசித்ததில்லை. எங்களுக்கு அவர் ஒத்தடத்தார். தலையிடி என்றால் ஒத்தடம், பல்லுக்கொதி என்றால் ஒத்தடம், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அட்டைக்காக நாலு மணி நேரம் வரிசையில் நின்று கால் கடுத்தாலும் ஒத்தடம். ஒருமுறை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி வேலை செய்யாமல் நின்றபோது, அதன் முதுகில் சூடான துணியை வைத்துப் பார்த்தார். அது வேலை செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவரோடு வாதாடி யாரும் வெல்லவில்லை.

நானும் அவரும் மன்னார்ச் சூசையும் பிரான்காச்சோவில் ஒரே வீட்டில் நாலு வருடம் இருந்தோம். மூன்று பேருக்கும் வீடு துடைக்கிற வேலைதான். எனக்கு இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய அம்மாமாரின் வீடு, சூசைக்கு ஒரு பல் வைத்தியரின் கிளினிக், ஒத்தடத்தாருக்குப் பொலிதேயாமாப் பக்கம் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு கிழவர். கிழவர் ஒரு காலத்தில் பெரிய வழக்கறிஞர். இத்தாலியனில் வழக்கறிஞருக்கு அவ்வொக்காத்தோ. எண்பது வயதாகி, வழக்கு ஒன்றும் இல்லாமல் பிஜாமாவோடு பால்கனியில் நின்றாலும் தெரு முழுக்க அவரை அவ்வொக்காத்தோ என்றுதான் அழைத்தது.

அவ்வொக்காத்தோவுக்கு இரண்டு விஷயங்களில் உயிர். ஒன்று, எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுவது. மற்றது, மாரி காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தாரா, அதாவது காட்டு வாத்து, சுடப் போவது.

சிசிலியில் என்ன குளிர் என்று கேட்கிறவர்கள் கடற்கரையை மட்டும் பார்த்தவர்கள். பலெர்மோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் மலைக்குள்ளே போனால் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. தை மாதத்து விடியற்காலையில் அங்கே புல்லெல்லாம் உப்பு இறைத்த மாதிரி உறைபனி. வடக்கே இருந்து பறந்து வருகிற காட்டுத் தாராக்கள் அங்கேதான் இறங்கும். ஒத்தடத்தாரின் வேலை, இடுப்பு வரை வருகிற றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, இருபது பிளாஸ்டிக் தாராக்களை நூலும் ஈயக் குண்டுமாக மிதக்க விடுவது. மேலே பறக்கிற தாரா, கீழே சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று நம்பி இறங்கும். அதுவரை நாணலால் கட்டிய மறைப்புக்குள் அவ்வொக்காத்தோவோடு குந்தியிருக்க வேண்டும். விழுகிற தாராவில் மோரோ என்ற நாய் எடுத்து வராததை அவர் போய் எடுத்து வரவேண்டும். துப்பாக்கியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

"துவக்கு அவற்றை இலாகா. கை என்ரை இலாகா" என்பார்.

கைதான் பிரச்சினையாக வந்தது. அவ்வொக்காத்தோவின் விரல்கள் குளிர் பட்டதும் மெழுகுதிரி மாதிரி வெளுத்துவிடும். நுனியில் தொடங்கி இரண்டாம் மூட்டு வரைக்கும் இரத்தம் போய்விடும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. மார்கழித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட விரல்களோடு அவர் வீட்டுக்குத் திரும்பியபோது, வடக்கே தொரினோ நகரத்திலிருந்து மகள் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர். தகப்பனின் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாத ஒரு மனிதர் துப்பாக்கி தூக்கக்கூடாது. இனி இந்த வீட்டில் தனியாகவும் இருக்கக்கூடாது.

அவ்வொக்காத்தோ இரண்டு மணி நேரம் வாதாடினார். ஒத்தடத்தார் மூன்று முறை கோப்பி போட்டுக் கொடுத்தார். கடைசியில் ஒரு இணக்கம் வந்தது. தை மாதத்தின் கடைசி ஞாயிறு, வேட்டைக்காலம் முடிகிற நாள், மகளே கூட வருவார். காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் கையைப் பார்ப்பார். விரல்கள் விரல்களாக இருந்தால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். வெளுத்திருந்தால் துப்பாக்கி பொலிசுக்கு, அப்பா தொரினோவுக்கு, வீடு பூட்டு.

வீடு பூட்டினால் ஒத்தடத்தாரின் கொந்திராத்தோ, அதாவது அந்த வீட்டு வேலைக்கான ஒப்பந்தம், அன்றோடு முடிந்துவிடும். ஒப்பந்தம் முடிந்தால் வேறு வேலை தேடலாம், அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் அவர் மனைவியைக் கூப்பிடுவதற்குப் பத்திரம் போட்டிருந்தார். நாற்பத்து மூன்று வயதில் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்து, ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு ஒன்பது வருடம். இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார். ஒப்பந்தம் கிடைத்த வருடம் வீடு சின்னது என்றார்கள், வீடு கிடைத்த வருடம் ஒப்பந்தம் இல்லை. இந்த முறைதான் இரண்டும் ஒன்றாக இருந்தன. பத்திரம் உள்ளே போய்விட்டது. மனைவி வந்து இறங்கும்வரை வேலை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"தம்பி, எட்டுக் கிழமை இருக்கு. பத்து விரலைக் காப்பாத்தவேணும்."

சூசை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். "ஆற்றை பத்து அண்ணை? உங்கடையோ, அந்தக் கிழவன்ரையோ?"

"அவற்றை பத்து நிண்டால்தான் என்ரை மனுசி வருவா."

"அப்ப அக்காட விசா ஒரு கிழவன்ரை விரலிலை தொங்குது."

"ஓம். அதுக்கென்ன? விரல் எண்டால் எனக்கு அத்துப்படி."

அவருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. நானும் சூசையும்தான் நாட்காட்டியில் ஞாயிறுகளை எண்ணினோம்.

முதல் படி, ஈரம். கை குளிர்வதற்குக் காரணம் குளிர் இல்லை, ஈரம் என்பது அவருடைய சித்தாந்தம். இருபது வருடம் மற்றவர்களுடைய குளியலறை கழுவியவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. வீடு துடைக்கிற நாங்கள் எல்லோரும் றப்பர் கையுறை போடுகிறவர்கள்தான். றப்பர் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் வேர்வையையும் வெளியே விடாது. அரை மணி நேரத்தில் கை அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிடும். அதனால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. அரை மணிக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, கழுத்தில் தொங்குகிற துவாயில் கையைத் துடைத்து, விரலிடுக்கில் பவுடர் போட்டு, வேறு காய்ந்த சோடி போட வேண்டும். காய்ந்த சோடிகள் நெஞ்சோடு சட்டைக்குள் இருக்கும். நனைந்தவை வலது பையில். "நனைஞ்சதையும் காய்ஞ்சதையும் ஒரு பையிலை போடுறவன் மனுசனே இல்லை" என்பார். மணிக்கட்டில் குளிர் பட்டால் விரலுக்குப் போகிற இரத்தமே குளிர்ந்துபோகும் என்று, பழைய கம்பளிக் காலுறைகளின் நுனியை வெட்டிக் குழாயாக்கி மணிக்கட்டில் மாட்டிவிட்டார். அவை என்னுடைய காலுறைகள். அவற்றில் ஒன்று பழையதுகூட இல்லை.

இதெல்லாவற்றையும் அவ்வொக்காத்தோ ஏற்றுக்கொண்டார். றப்பர் கையுறையை மட்டும் மறுத்தார். அதன் நிறம் இளஞ்சிவப்பு. குசினிக் கையுறையோடு துப்பாக்கி பிடிப்பதைக் காட்டிலும் தொரினோவுக்குப் போவது மேல் என்றாராம். கடைசியில் அவருக்குக் கம்பளி, தண்ணீருக்குள் கை விடுகிற ஒத்தடத்தாருக்கு இளஞ்சிவப்பு என்று முடிவானது.

இந்த ஆராய்ச்சியின் நடுவில் அவர் பஸ் ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய், மாரியிலும் கடலுக்குப் போகிற ஒரு மீனவனிடம், கையை எப்படிச் சூடாக வைத்திருக்கிறாய் என்று கேட்டார். மீனவன் தன் கையைக் காட்டினான். அது பிரிந்த வடக்கயிறு மாதிரி இருந்ததாம். ஒத்தடத்தார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் புத்தி சொல்லிவிட்டு வந்தார். கற்றுக்கொண்டு வரப் போனவர்தான்.

இரண்டாம் படி, சூடு. கடையில் விற்கிற, குலுக்கினால் சூடாகிற பொட்டலங்களை அவர் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "இது காய்ச்சல்காரன்ரை சூடு. கைக்கு வேண்டியது அடுப்புச் சூடு."

முதல் ஞாயிறு உப்பு ஒத்தடம். உப்பை வறுத்து, இடுப்பில் உடுத்துகிற தன்னுடைய பழைய கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்துத் தைத்த பையில் கட்டி, அவ்வொக்காத்தோவின் இரண்டு கோட்டுப் பைகளிலும் வைத்தார். ஆறரை மணி வரை அருமையான சூடு. பிறகு அந்த உப்பு நீர்த்தேக்கத்து மூடுபனியை ஆவலோடு குடிக்கத் தொடங்கியது. ஏழு மணிக்குப் பை கசிந்தது. கையை வெளியே எடுத்த அவ்வொக்காத்தோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னை நெத்தலி மாதிரி ஊறப்போடுகிறாயா?" என்று கேட்டார்.

இரண்டாம் ஞாயிறு வறுத்த அரிசி. சூடு நன்றாக நின்றது. ஆனால் அந்த வாசம் மோரோவையும் மயக்கிவிட்டது. முதல் தாரா விழுந்த நேரம், அதை எடுக்கப் போகவேண்டிய நாய், எசமானுடைய கோட்டுப் பைக்குள் தலையை விட்டு நின்றது.

மூன்றாவது, சூசையின் பகிடி. "புட்டை அவிச்சுக் கட்டிக் கொண்டு போங்கோவன் அண்ணை, ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொதிக்கும்" என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். ஒத்தடத்தார் அதைப் பகிடி என்று எடுக்கவில்லை. குழல் புட்டை அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு போனார். ஆவி கையை நனைத்தது, விரல் ஐந்து நிமிடத்தில் வெளுத்தது. அவ்வொக்காத்தோ அந்தப் புட்டைச் சீனி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமையும் கொண்டுவரச் சொன்னார்.

"கை விறைச்சுது. ஆனால் ஆள் சந்தோசம்" என்று வந்து சொன்னார்.

"மகள் வயித்தையோ பாக்கப் போறா?" என்றான் சூசை.

புளியங்கொட்டை தற்செயலாக வந்தது. அவ்வொக்காத்தோ கொடுத்துவிட்ட தாராவைக் கறியாக்க, ஒத்தடத்தார் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ஏதோ மலிவான கொட்டைப் புளி. பிழிந்த கொட்டைகள் நாலைந்து அடுப்பு ஓரத்தில், சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தன. சாப்பிட்டு, சட்டியும் கழுவி முடிந்த பிறகு, மேசை துடைக்கும்போது அவற்றை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, கையைக் கொண்டா."

கொடுத்தேன். கொட்டைகளை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அடுப்பு அணைந்து எவ்வளவோ நேரமாகியும் அவை கதகதப்பாகவே இருந்தன.

"பாத்தியோ, இது தண்ணி குடியாது. தோல் இரும்பு மாதிரி. நாயும் தின்னாது. அதைவிட ஒண்டு சொல்லுறன் கேள். இப்ப உன்ரை விரல் என்ன செய்யுது?"

என் விரல்கள் எனக்குத் தெரியாமலே அந்தக் கொட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தன.

"ஓம், உருட்டுது. வழுவழுப்பான சாமான் கையிலை இருந்தால் விரல் சும்மா இராது. விரல் ஆடினால் இரத்தம் ஓடும். முடிஞ்சுது அலுவல்."

அலுவல் அப்போதுதான் தொடங்கியது. ஒரு பைக்கு இரண்டு கை நிறையக் கொட்டை வேண்டும். தொடக்கத்தில் இரண்டு பை, நடுவில் மாற்ற இரண்டு பை. பலெர்மோவில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கொட்டை எடுத்த புளிக்கு மாறிப் பல வருடமாகிவிட்டது. ஒத்தடத்தார் ஊரிலுள்ள தொலைபேசிக் குழுக்களுக்கெல்லாம் தன் குரலில் ஒரு செய்தி அனுப்பினார். "அன்பான உறவுகளே, கொட்டைப் புளி வாங்குங்கோ. புளியை நீங்கள் எடுங்கோ, கொட்டையை எனக்குத் தாங்கோ. காரணம் பிறகு சொல்லுறன்." காரணம் சொல்லாததால் ஊருக்கு அது பெரிய வேலையாகிவிட்டது. சூனியம் என்றது ஒரு கூட்டம். நீரிழிவுக்கு மருந்து என்று இன்னொரு கூட்டம் அரைத்துக் குடிக்கவே தொடங்கிவிட்டது.

ஒரு சாமத்திய வீட்டில், அதாவது ஒரு பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்தில், மண்டபத்தின் முன்பக்கம் எல்லோரும் பிள்ளையோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். ஒத்தடத்தார் வேட்டி சால்வையோடு பின்பக்கம் சமையல்காரரின் புளி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிற வேலை எனக்கு. முன்பின் தெரியாத அக்காமாரிடம் வழி கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு, கதவைத் தட்டி, "புளியங்கொட்டை இருக்கோ" என்று கேட்கிற உத்தியோகம். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, ஆரோ ஒரு பாவம் வந்து நிக்குது, ரெண்டு பருத்தித்துறை வடை குடுங்கோ" என்றார். வடையையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை வறுத்தபோது நெருப்பு கூடிவிட்டது. கொட்டைகள் வெடித்துக் குசினி முழுக்கப் பறந்தன. கீழ் வீட்டு சிஞ்ஞோரா தும்புத்தடியால் எங்கள் நிலத்தை இடித்தார். சூசை மேசைக்குக் கீழே போய்விட்டான். ஒத்தடத்தார் மட்டும் சட்டி மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "மெல்லிய நெருப்பு, மெல்லிய நெருப்பு" என்று தனக்குத் தானே பாடம் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவ்வொக்காத்தோவின் விரல்கள் ஒன்பது மணிக்கும் றோஸ் நிறமாக இருந்தன. எட்டு மணிக்குப் பையை மாற்றினால் போதும். அவ்வொக்காத்தோ வழக்கம்போல மறுப்பு ஒன்று சொன்னார். சிசிலியில் கொட்டைக்கா பஞ்சம், ஒலிவ் கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்றார். "ஒலிவ் கொட்டைக்கு மூக்குக் கூர், குத்தும்" என்று ஒத்தடத்தார் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

கடைசி ஞாயிறு வந்தது. பிளாஸ்டிக் தாராக்களைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். அன்று முழுக்க ஒத்தடத்தார் கைகளை மட்டும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மகள்தான் கார் ஓட்டினார். பொலிதேயாமாக் கடையில் வாங்கிய மெல்லிய தோல் கையுறை போட்டிருந்தார். ஒத்தடத்தார் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

ஆறரைக்கு மறைப்புக்குள் குந்தினோம். இரண்டு பை அவ்வொக்காத்தோவின் கோட்டுக்குள். இரண்டு பை, சோறு கொண்டுபோகிற அகன்ற பிளாஸ்கில். நன்றாக விடிந்ததும் முதல் கூட்டம் இறங்கியது. அவ்வொக்காத்தோ இரண்டு விழுத்தினார். மகளுக்கே ஒரு சந்தோசம் வந்ததைக் கண்டேன். அவர் நன்றாகப் பார்ப்பதற்கென்று எழுந்து கரைக்குப் போனார். சேற்றில் சப்பாத்துப் புதைந்தது. இழுத்தபோது முன்னால் விழுந்து இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் ஊன்றிவிட்டார்.

ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். ஒத்தடத்தாரின் கண் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போய் மகளின் முன்னால் குந்தி, இரண்டு கையையும் நீட்டினார். மகள் தயங்கித் தயங்கிக் கையை வெளியே எடுத்தார். நனைந்த தோலை உரித்த மாதிரிக் கையுறையைக் கழற்றினார் ஒத்தடத்தார். உள்ளே இருந்தது அவ்வொக்காத்தோவின் கை. அதே மெழுகுதிரி விரல்கள், அதே இரண்டாம் மூட்டு. அப்பாவிடமிருந்து வந்த சொத்து.

துவாயால் துடைத்தார். தன் சட்டைக்குள் இருந்து காய்ந்த கையுறையை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டார். கொஞ்சம் கழித்துக் கழற்றிப் பார்த்தார், விரல்களில் நிறம் வரவில்லை. நேரம் எட்டு மணி. அவ்வொக்காத்தோவுக்குப் பை மாற்ற வேண்டிய நேரம். ஒத்தடத்தார் பிளாஸ்கைத் திறந்தார்.

நான் அவர் காதோடு சொன்னேன். "அண்ணை, அவவுக்குக் குடுத்தால் அவருக்கு இல்லை."

"தெரியும்."

"அக்கா வரவேணும் அண்ணை."

"விறைச்சுப் போச்சடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பையையும் மகளின் கைகளில் வைத்து, மேலே தன் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

அவ்வொக்காத்தோ இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருடைய கண் வானத்தில். கோட்டுக்குள் இருந்த பழைய பைகள் ஆறிக்கொண்டிருந்தன. நான் அவற்றை என் வயிற்றில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். என் வயிறு ஒரு ஒத்தடத்துக்கு ஆகாது. எட்டரைக்குப் பிறகு அவர் துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டார். விரல் விசையை அறியவில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு மகள், "பப்பா, கையைக் காட்டுங்கள்" என்றார்.

காட்டினார். வலது கையில் மூன்று விரல் வெள்ளை. மூன்று பேர் அந்தக் கையைப் பார்த்தோம். ஒத்தடத்தார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையை அவர் பார்க்காமல் விட்டது அன்றுதான்.

மகள் பிளாஸ்கை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. தன் மடியில் இருந்த கட்டம் போட்ட இரண்டு பைகளையும் பார்த்தார்.

"இது அப்பாவுக்கு வைத்திருந்ததா?"

"சி, சிஞ்ஞோரா" என்று ஓம் சொன்னார்.

"எனக்குத் தந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. ஏன் தந்தாய்?"

ஒத்தடத்தாருக்கு இருபது வருடத்து இத்தாலியன் இருந்தது. நல்ல ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "மானி ஃப்ரெத்தே" என்றார். குளிர்ந்த கை. அவருக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

மகள் இரண்டு பைகளையும் பிளாஸ்குக்குள் வைத்தார். பிறகு அப்பாவின் வலது கையை எடுத்துத் தன்னுடைய இரண்டு சூடான கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் உத்தரவு போடுகிற அதே குரலில் சொன்னார்.

"விரல் வெளுத்தால் துப்பாக்கி உறைக்குள் போகவேண்டும். அது சட்டம். அடுத்த மாரிக்கு ஆறு பை கொண்டு வா."

எனக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அடுத்த மாரி என்றால் அவ்வொக்காத்தோ இங்கே இருக்கிறார். வீடு இருக்கிறது. கொந்திராத்தோ இருக்கிறது. ஒத்தடத்தாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே தண்ணீருக்குள் இறங்கி, பிளாஸ்டிக் தாராக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்புக் கையுறையைப் போட மறந்திருந்தார். அவ்வொக்காத்தோ மட்டும் சும்மா இருக்கவில்லை. இந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது என்பதை எழுத்தில் தரும்படி மகளிடம் கேட்டார்.

வைகாசியில் அக்கா வந்தார். சூசையின் காரில் மூன்று பேரும் விமான நிலையத்துக்குப் போனோம். வெயில் எரிந்தது. ஒத்தடத்தார் கோட்டுப் போட்டிருந்தார். போகிற வழி முழுக்க, விமானத்துக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது, அது விரலை எப்படித் தாக்குகிறது என்று கதைத்துக்கொண்டே வந்தார். நடுவில் சூசையின் கை ஸ்டியரிங்கில் வேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

அக்கா வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஒத்தடத்தார் அவருக்கு முன்னால் போய் நின்றார். கோட்டுக்குள் இருந்து கட்டம் போட்ட ஒரு பையை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"என்னப்பா இது?"

"புளியங்கொட்டை."

"இதுக்கோ நான் ஒன்பது வருசம் இருந்தனான்?"

சூசை சிரித்துவிட்டான். ஒத்தடத்தார் சிரிக்கவில்லை. அக்கா அந்தப் பையைக் கீழே வைக்கவும் இல்லை.

அவர்கள் இருவரும் பின்னுக்கு ஏறினார்கள். நானும் சூசையும் முன்னுக்கு. கடற்கரை வழியாகக் கார் ஓடியது. போகும்போது வாய் ஓயாமல் கதைத்த மனிதர், திரும்பி வரும்போது ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவரும் என்னைப் போல ஒரு கூச்சக்காரர்தான் என்பது நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சூசை கண்ணாடியில் பின்னுக்குப் பார்க்க எட்டினான். நான் கையை நீட்டி அந்தக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்.

"றோட்டைப் பார்" என்றேன்.

சூசைக்கு நான் உத்தரவு போட்டது அந்த ஒரு தடவைதான்.